ஏசடியான் ஐயர் வாங்கி வைத்த பேச்சு

வேலாமரத்தூரில் ஆடு உண்டு, பனை உண்டு, பனையிலிருந்து இறங்கும் கள் உண்டு, ஆற்றில் தண்ணீர் மட்டும் கிடையாது என்றிருந்த காலத்தில், மெதடிஸ்ட் சபைக்குப் பிரசங்கியாராக வந்து சேர்ந்த ஏசடியான் ஐயர், தம் நாற்பத்திரண்டாம் வயதில், ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரத்தில், வாழ்நாளில் ஒரு சொட்டுக் கள்ளும் பட்டிராத தம் வாயைத் திறந்து, பனையேறி செங்கோடனின் குரலில் தாலாட்டுப் பாடினார். அவர் மனைவி எப்சிபாள் அப்போது அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். எவனோ குடித்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்துவிட்டான் என்று அகப்பையும் கையுமாக ஓடிவந்தவள், நாற்காலியில் கண்மூடி உட்கார்ந்திருந்த கணவரைத் தவிர வேறு ஆளைக் காணாமல், கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, அடுப்பில் இருப்பது தீய்ந்துவிடுமே என்று திரும்பிப் போனாள்.

அந்தப் பக்கத்துச் சபைகளில் பிரசங்கியாரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் கூப்பிடுவது வழக்கம். அதற்கும் சாதிக்கும் சம்பந்தம் கிடையாது. மெதடிஸ்ட்காரர்களுக்கு இன்னும் இரண்டு வழக்கங்கள் உண்டு. வியாழக்கிழமைதோறும் பத்துப் பன்னிரண்டு பேராக வட்டமாக உட்கார்ந்து, இந்த வாரம் உன் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவரையும் கேட்பார்கள். அங்கே எழும்பிய கேள்வி எதுவும் பதில் இல்லாமல் வீடு திரும்பக் கூடாது. வருஷப் பிறப்பில் உடன்படிக்கை ஆராதனை என்று வைத்து, எல்லோரும் எழுந்து நின்று, நான் இனி எனக்குச் சொந்தமல்ல, என்மேல் எதை வேண்டுமானாலும் சுமத்தும் என்று கடவுளிடம் சொல்வார்கள். மற்றவர்கள் இதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பலகாரம் சாப்பிட்டார்கள். ஏசடியான் ஐயரோ சொன்னதைச் சொன்னபடியே நம்புகிற மனிதர், அதுதான் அவரிடம் இருந்த கோளாறு.

அந்த வருஷம் பட்டணத்து மதுவிலக்குச் சங்கத்திலிருந்து கட்டுக்கட்டாக உறுதிச் சீட்டுகள் வந்திருந்தன. இன்று முதல் மதுவைத் தொடமாட்டேன் என்ற ஒரு வரியும் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடும் மட்டும் அதில் இருக்கும். வியாழக்கிழமைக் கூட்டத்தில் சீட்டைக் கையில் வாங்கிய செங்கோடன் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். "குடிச்சாத்தானுங்க ஐயரே எனக்குப் பேச்சே வருது. குடிய உட்டுட்டா உள்ளார இருக்கற பேச்செல்லாம் எங்கீங்க போகும்?" என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள், ஐயர் சிரிக்கவில்லை. கேள்வி எழும்பிவிட்டது, பதில் சொல்லியாக வேண்டும். "என்கிட்ட குடுத்துரு, நான் வெச்சுக்கறேன்" என்றார். சொன்னதோடு விடாமல், சீட்டின் ஓரத்தில், 'இவர் குடித்துப் பேசும் பேச்சை நான் ஏற்றுக்கொண்டேன்' என்று தம் கையால் எழுதி, ஏசடியான் என்று கையெழுத்தும் போட்டார். அதைப் பார்த்துவிட்டுத்தான் செங்கோடன் கைநாட்டு வைத்தான், அவனைப் பார்த்து மற்றவர்களும் எங்களுக்கும் அந்த வரி வேண்டும் என்று வரிசையில் நின்றார்கள்.

அதற்குப் பிறகு செங்கோடன் குடிக்கவில்லை. பேசவுமில்லை. மரம் ஏறினான், பதநீர் இறக்கினான், கேட்டதற்கு ம் என்றும் சரி என்றும் சொன்னான், அதற்கு மேல் அவனிடம் ஒன்றும் கிடையாது. அவன் மனைவி பாவாயிக்கு முதல் வாரம் அது சொர்க்கமாக இருந்தது, இரண்டாம் வாரம் வீடு வெறிச்சென்று இருந்தது, மூன்றாம் வாரம் ஐயர் வீட்டுப் பக்கம் போனவள் தன் புருஷனின் பாட்டு வேலியைத் தாண்டி வருவதைக் கேட்டு, படலைத் திறந்துகொண்டு போய் முற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள். எப்சிபாள் ஒரு மணையை எடுத்துப் போட்டாள். மறுநாள் இன்னும் நாலு பெண்கள் வந்தார்கள்.

இப்படித்தான் அது ஊர் வழக்கமாயிற்று. கள்ளுக்கடை களைகட்டும் நேரம் எதுவோ அந்த நேரத்தில் ஐயர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடுவார், ஒரு மணி நேரம் ஊர் ஆண்கள் ஒவ்வொருவராக அவர் வாய்வழியே வந்து, கடைத்திண்டில் உட்கார்ந்து பேசியதையெல்லாம் பேசிவிட்டுப் போவார்கள். பெண்கள் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்தார்கள். ஐயர் தொண்டைக்கு இதமாக மோரும் பனங்கற்கண்டும் கொண்டுவந்தார்கள். கேள்வி கேட்டால் குரல்கள் பதில் சொல்லும் என்பதைக் கண்டுபிடித்ததும், அரிவாளை எங்கே வைத்தாய், உன் தங்கச்சிக்கு என் தோட்டை ஏன் கொடுத்தாய் என்பதில் தொடங்கி, என்னைக் கட்டிக்கொண்டதில் உனக்கு வருத்தம் உண்டா என்பது வரைக்கும் கேட்டார்கள். வண்டிக்கார மாரப்பன் கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் ஒரு தடவைகூடப் பெயர் சொல்லி அழைக்காத தன் மனைவியை அந்த முற்றத்தில் ஒரே மாலையில் மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் வீட்டுக்குப் போய் ஊமையாக உட்கார்ந்திருந்த அசல் மாரப்பனுக்கு இரண்டு முட்டை அவித்துப் போட்டாள். ஆண்கள் மட்டும் அந்த நேரத்தில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வேறு தெரு வழியாகப் போனார்கள். தன் குரல் தன்னை விட்டுத் தனியே பேசிக்கொண்டிருப்பதைக் கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

கள்ளுக்கடைக் குத்தகைக்காரர், ஐயர் திருட்டுத்தனமாகக் குடிக்கிறார் என்று சபை மேலிடத்துக்கு மனுப் போட்டார். மேலிடத்திலிருந்து வந்த வெள்ளைக்காரத் துரை, பெண்கள் நடுவே நின்று, குரல்கள் உச்சத்தில் இருந்தபோது, ஐயரின் வாயைக் குனிந்து முகர்ந்து பார்த்தார். ஏலக்காய் வாசனைதான் இருந்தது. குரல்வளையில் சிறு கோளாறு, ஓய்வு தேவை என்று எழுதிவைத்துவிட்டு அவர் ரயிலேறினார்.

எப்சிபாளுக்கு அப்போது பயமில்லை. அந்த ஒரு மணி நேரம் போக மீதி நாளெல்லாம் அவர் அவளுடையவராகத்தான் இருந்தார். ஒருநாள் காலையில் அவருக்குக் கஞ்சி ஊற்றும்போது கேட்டாள்.

"இவங்களை எல்லாம் உள்ளே வெச்சுக்கிட்டீங்க. உங்களை எங்கே வைப்பீங்க?"

"எனக்கு எவ்வளவு இடம் வேணும் எப்சி? ஒரு மூலை போதாதா?" என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டாள், அதற்காகப் பின்னால் பல தடவை தன்னையே நொந்துகொண்டாள்.

மெதடிஸ்ட் சபையில் எந்தப் பிரசங்கியாரையும் மூன்று வருஷத்துக்கு மேல் ஒரே ஊரில் விடமாட்டார்கள். நான்காம் வருஷம் மாற்றல் உத்தரவு வந்தபோது எப்சிபாள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கினாள். பெண்கள் வந்து சாக்கை அவிழ்த்தார்கள். "ஐயரை மாத்தட்டும், வேண்டாங்கல. எங்க ஆம்பளைங்க பேச்சை எறக்கி வெச்சிட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள் பாவாயி. இறக்கி வைக்க வழி தெரிந்தால் அவர் ஏன் வைக்கமாட்டார். இரண்டு நாள் யோசித்துவிட்டு ஐயர் அங்கியை மடித்துத் திருப்பி அனுப்பினார், மாற்றல் என்ற பேச்சே இல்லாத வேலை ஒன்று வேண்டும் என்று, தேர்தலில் நின்றார். சபைக்காரர் கொஞ்சம் பேரே இருந்த அந்தத் தொகுதியில் அவர் ஜெயித்தது எப்படி என்று பத்திரிகைகள் ஆராய்ந்தன. ஊருக்குத் தெரியும், ஓட்டுள்ள ஆண்களின் சோற்றில் உப்புப் போடுகிறவர்கள் அத்தனை பேரும் அவர் முற்றத்தில் உட்கார்ந்தவர்கள்.

அப்புறம்தான் அந்தத் தப்பு நடந்தது. புதுச் சட்டசபை அங்கத்தினரின் ஊரில் ஒரு சீட்டுகூட முறிந்ததில்லை என்று கேள்விப்பட்ட பட்டணத்துச் சங்கத்தார், வேலாமரத்தூர்ச் சீட்டு ஒன்றை மாதிரிக்கு வாங்கிப் பார்த்து, ஓரத்தில் இருந்த கைவரியையும் உறுதிமொழியோடு சேர்ந்தது என்றே எண்ணி, கையெழுத்தை அச்சுக்கட்டை செய்து, ஜில்லா முழுக்கப் பத்தாயிரம் சீட்டு அடித்து அனுப்பிவிட்டார்கள். முன்பின் பார்த்திராத ஊர்களில், பார்த்திராத ஆண்கள், ஏற்றுக்கொண்டேன், ஏசடியான் என்ற வரிக்கு மேலே கைநாட்டு வைத்தார்கள். அந்த வாரம் ஐயர் வாயில் தெலுங்கு வந்தது, தறிக்காரர் பேச்சு வந்தது, கடலோரத்தை விட்டு வந்து கல் உடைப்பவர் யாரோ ஒருவர் படகைப் பற்றி நாள்தோறும் பேசினார். ஒவ்வொருவராக வந்த குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன. ஒரு மணி நேரம் மூன்றாயிற்று. ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடும் சட்டத்தை அவர் கொண்டுவந்து ஜெயித்து, மாலையும் மேளமுமாக ஊர் திரும்பிய நாளில், குரல்கள் மத்தியானமே தொடங்கிவிட்டன.

பகலில் அவர் மேடையில் பேசினார், மணிமணியாகப் பேசினார், அந்தப் பேச்சில் ஆள் இல்லை. வீட்டுக்கு வந்தால் அதுவும் கிடையாது. சோறு போட்டால் சாப்பிடுவார், எப்சிபாள் முகத்தைப் பார்ப்பார், வாயைத் திறப்பார், யாரோ ஒருவனின் இருமல் வரும், மூடிக்கொள்வார். அவர் கடைசியாக எப்சி என்று கூப்பிட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவளுக்குச் சட்டமும் வேண்டாம், மாலையும் வேண்டாம், அந்த ஒரு குரல் வேண்டும். அதைக் கேட்காமல் செத்துப்போவோமோ என்பதுதான் அவளுடைய ஜெபமும் கவலையும் எல்லாமுமாக இருந்தது.

ஒருநாள் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தபோது பாவாயி சொன்னாள், "ஐயரம்மா, உள்ளார ஒருத்தரு கள்ளு நெடியே இல்லாம பேசறாருங்க, கவனிச்சீங்களா?"

"யாரு?"

"அதானுங்க தெரியல. எல்லாரும் ஓஞ்ச நேரத்துல, அடியிலிருந்து, மெதுவா, கொஞ்சம் வழி விடுங்கப்பாங்குது. எங்கூட்டுதா உங்கூட்டுதான்னு நாங்களும் கேட்டுப் பாத்துட்டோம். அது மட்டும் யாரு ஊட்டுக் குரலும் இல்லீங்க."

எப்சிபாள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். பாவாயி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, குப்பையைத் தானே அள்ளினாள்.

அன்று மத்தியானம் முதல் எப்சிபாள் நாற்காலியின் காலடியில் உட்கார்ந்து காத்திருந்தாள். பொழுது சாயும் நேரத்தில், படகுக்காரர் மூச்சு வாங்க நின்ற இடைவெளியில், அது வந்தது. வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க என்றது, சந்தைக் கூட்டத்தில் சிக்கிய மரியாதைப்பட்ட மனிதரின் குரலாக. ஏங்க என்று அவள் கத்துவதற்குள் பத்துப் பேர் அதன்மேல் ஏறிவிட்டார்கள்.

அவளுக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. மாரப்பன் ஒருமுறை பக்கத்து ஜில்லா மாட்டுத் தாவணிச் சந்தைக்குப் போன இடத்தில் ஆசையை அடக்கமாட்டாமல் இரண்டு கலயம் குடித்துவிட்டான். அந்த நிமிஷமே அவன் பேச்சு அவனிடம் திரும்பிப் போய்விட்டது. அன்று ஐயர் தம் சொந்தக் குரலில் தண்ணீர் வேண்டும் என்று கேட்டார். பயந்துபோன மாரப்பன் மறுநாளே புதுச் சீட்டு வாங்கிக்கொண்டான். ஒருவன் குடித்தால் ஒரு ஆள் இடம் காலியாகும். ஒரு ஊரே குடித்தால் ஒரு மனிதர் வெளியே வரலாம். மறுநாள் மத்தியானம் மதுவிலக்கு அங்கத்தினரின் மனைவி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பனங்காட்டுக்குப் போனாள்.

செங்கோடன் சட்டத்துக்குத் தெரியாமல் ஒரே ஒரு மரத்தில் மட்டும், பதநீர் புளித்துக் கள்ளாகட்டும் என்று, சுண்ணாம்பு தடவாத கலயம் கட்டியிருந்தான், மாட்டு வைத்தியத்துக்கு என்று. கேட்டதும் இறக்கிக் கொடுத்தான்.

"எனக்கில்லே. நீ குடி, செங்கோடா" என்றாள் எப்சிபாள். "எனக்காக ஒரு தடவை குடி. உன்னைப் பார்த்து நாலு பேர் குடிப்பாங்க. அவரு மூச்சு முட்டிக் கிடக்கறாரு."

செங்கோடன் கலயத்தைப் பார்த்தான். எட்டு வருஷத்தில் அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"எம்புள்ள கெணத்துல உழுந்தப்ப நான் மப்புல கெடந்தனுங்க. கூப்புட்டிருக்கறா, எனக்குக் கேக்குல. அதுக்கப்பறம் குடிச்சா அவளுக்குத் தாலாட்டு, குடிக்காட்டி ஒன்னுமே இல்ல. இப்ப அந்தப் பாட்டு ஐயருகிட்ட இருக்குதுங்க. திரும்ப எனக்குள்ள வந்துச்சுன்னா, நாளைக்கு மரத்து மேல கைய உட்டுருவனுங்க. குடிக்கச் சொன்னீங்கன்னா குடிக்கறன், ஐயரம்மா. நீங்க சொல்லோணும்."

எப்சிபாள் சொல்லவில்லை. இன்னொருவன் வீட்டுக்கும் போகவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிணறு இருக்கும் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது, அதை ஒவ்வொருத்தன் வாயாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள அவளிடம் தெம்பில்லை. கலயத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சபைக் கோயிலுக்கு வந்தாள், உறுதிச் சீட்டுக் கட்டுகள் அடுக்கியிருந்த பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே வரமுடியாதவரிடம் நாம்தான் போக வேண்டும் என்று அவளுக்கு வழியிலேயே முடிவாகியிருந்தது.

முதல் வாய் குமட்டியது. இரண்டாவது வாய் எரிந்தது. பாதிக் கலயத்தில், ஐம்பது வயதை நெருங்கும் எப்சிபாள், பாதிரியார் மகள், பாதிரியார் மனைவி, சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு பேசத் தொடங்கினாள். அச்சுக்கட்டை செய்த சங்கத்தாரை ஏசினாள், வாயை முகர்ந்த துரையை ஏசினாள், எதை வேண்டுமானாலும் சுமத்தும் என்று ஒரு மனுஷன் சொன்னால் இப்படியா சுமத்துவது என்று கடவுளை நேருக்கு நேர் கேட்டாள். பிள்ளையில்லாத வீட்டில் தனக்குத் துணையிருந்தது அந்தக் குரல்தானே என்றாள். பெண் கேட்டு வந்த அன்று அவர் போட்டிருந்த பெரிய செருப்பை நினைத்து விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு சீட்டை உருவி, ஏற்றுக்கொண்டேன், ஏசடியான் என்ற வரியைத் தடவிப் பார்த்துவிட்டு, மேலே எப்சிபாள் என்று எழுதினாள். கடைசி எழுத்தில் சிரிப்பு அறுந்தது. தலை தெளிந்தது. அறை அமைதியாக இருந்தது, அவளுக்குள்ளும் அப்படியே இருந்தது.

அவள் வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முற்றம் நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஐயர் வாயிலிருந்து சந்தை இரைச்சலாகக் குரல்கள் கொட்டிக்கொண்டிருந்தன. பாவாயி தன் மணையில் பாதியை விட்டுக்கொடுக்க, எப்சிபாள் அதில் உட்கார்ந்தாள்.

இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண்குரல் வந்தது. எட்டு வருஷத்தில் அந்த வாயிலிருந்து பெண்குரல் வந்ததில்லை. நாக்கு கொஞ்சம் குழறியது.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

ஆண்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். கடைசியில் படகுக்காரரும் நிறுத்தினார். முற்றத்தில் ஒரு வளையல்கூட அசையவில்லை.

"எப்சியா?" என்றது அடியிலிருந்து அந்தக் குரல். "நீ எதுக்கு இங்கே வந்தே? இங்கே காலை நீட்டக்கூட இடமில்லையே."

"நகருங்க."

"எங்கே நகர்றது? இந்தப் பக்கம் செங்கோடன் பாடறான், அந்தப் பக்கம் சுவரு."

"பாடறவனை ஏன் இடிக்கறீங்க? சுவர்ப் பக்கமா நகருங்க. எனக்கு ஒரு அடி போதும்."

பாவாயி வாயைப் பொத்திக்கொண்டு எப்சிபாளைத் திரும்பிப் பார்த்தாள். "ஐயரம்மா, கேக்குதுங்களா?" என்றாள்.

"ம்" என்றாள் எப்சிபாள். இன்னும் எவ்வளவோ சொல்ல நினைத்தாள், அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். ஐயர் கண்மூடியபடியே இருந்தார், உள்ளே அந்த இருவரும் பேசாமல் போன இரண்டு வருஷத்தை எங்கிருந்து தொடங்குவது என்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள், தான் அடுத்து என்ன சொல்லப்போகிறோம் என்று தெரிந்துகொள்ள எப்சிபாள் மணையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.